மறுநாள் ரயில் ஏறிவிடுவார்கள் என்ற தைரியம்

ஜெய்சல்மேரில் கோட்டைக்கு அருகிலேயே நம்ப முடியாத விலைக்கு அறை கிடைக்கும். சுத்தமான படுக்கை, மொட்டை மாடிக்குப் போனால் எதிரே மஞ்சள் கல்லில் எழும்பி நிற்கும் கோட்டை. பெட்டியை இறக்கிவைத்து முகம் கழுவுவதற்குள் மேலாளர் டீயோடு வந்து கேட்பார்: "சஃபாரி எப்போ போறீங்க?" வேறு இடத்தில் ஏற்பாடு செய்துவிட்டோம், அல்லது சஃபாரியே வேண்டாம் என்று சொன்னால் முகம் மாறும். அறை இன்னொருவருக்குப் பேசப்பட்டுவிட்டது என்பார். இல்லையென்றால் வாடகை பல மடங்கு ஏறும். ஒட்டகச் சவாரியில் எடுத்துவிடலாம் என்ற கணக்கில்தான் அறையை அந்த விலைக்குக் கொடுத்தார் என்பது அப்போதுதான் புரியும்.

எல்லா விடுதிகளும் இப்படி இல்லை. ஆனாலும் சுற்றுலா நிறுவனம் எதையும் நம்பாமல், தாங்களே திட்டமிட்டு தார் பாலைவனத்துக்கும் ராஜஸ்தானின் பழைய கடைவீதி நகரங்களுக்கும் போகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் புகார் இது. பலர் இதை அந்த ஊர் வழக்கம் என்று நினைத்து பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படிச் சகிக்க வேண்டியதே இல்லை. ஒரு சேவை வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தன் 2(41) பிரிவில் நேரடியாகவே குறிப்பிடுகிறது. அதற்கு எதிராகப் புகார் கொடுக்கவும் இழப்பீடு கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஏமாற்றுகிறவரின் பலம் ஒன்றே ஒன்றுதான். நாளை நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போனவர் சில ஆயிரம் ரூபாய்க்காகத் திரும்பி வந்து வழக்கு நடத்த மாட்டார் என்ற தைரியம். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டம் அந்தத் தைரியத்துக்கு இடம் கொடுத்தது. எதிர்த்தரப்பு தொழில் செய்யும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் அன்று வழக்குப் போட முடியும். 2020 ஜூலை 20 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து நிலைமை வேறு. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. ஜெய்சல்மேரில் ஏமாந்தவர் மதுரையில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மனுவை இணையவழியிலேயே தாக்கல் செய்யலாம், காணொலி மூலம் விசாரணைக்கு வர அனுமதி கேட்கலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. மாறிவிட்ட இந்த நிலைமையைப் பயணம் போகிற நம் ஆட்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

வழக்குக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை தமிழிலேயே பேசலாம். புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பிச் சமரசம் செய்ய முயல்வார்கள். பெரிய முன்பதிவுத் தளங்கள் சம்பந்தப்பட்ட விஷயங்களில் இதுவே பல நேரம் போதும். சுற்றுலாப் பயணிகளுக்கென்று மத்திய அரசு நடத்தும் 1363 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. அதில் ஆங்கிலமும் இந்தியும் பத்து வெளிநாட்டு மொழிகளும் இருக்கின்றன, தமிழ் இல்லை. இந்தி தெரியாதவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 112.

ஆனால் எந்த எண்ணை அழைத்தாலும் முதல் கேள்வி, ஆதாரம் என்ன என்பதுதான். பாலைவனச் சுற்றுலாவில் எல்லாமே வாய்ப்பேச்சில் நடக்கிறது. "கூட்டமே இல்லாத மணல்மேடு" என்று சொல்லி, பாட்டும் ஒலிபெருக்கியுமாக இருக்கும் கூடார வரிசையில் இறக்கிவிடுவார்கள். ஆளுக்கொரு ஒட்டகம் என்பது இருவருக்கு ஒன்றாகும். ஒரு மாலை முழுக்கச் சவாரி என்றது மேட்டைச் சுற்றி ஒரு வட்டத்தோடு முடியும். குடிநீருக்குத் தனிக் காசு கேட்பார்கள். இவற்றில் எதைக் கேட்டாலும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பதில் தயாராக இருக்கும்.

இதற்கு மருந்து மிகச் சுலபம். பேசி முடித்தவுடன், முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒப்புக்கொண்டதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். எந்தத் தேதி, எத்தனை பேர், எந்த மணல்மேடு, ஆளுக்கு எத்தனை ஒட்டகம், சவாரி எவ்வளவு நேரம், எத்தனை வேளைச் சாப்பாடு, தண்ணீர் உண்டா, ஜீப் போகவர இரண்டுக்குமா, மொத்தம் எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். இந்தியில் எழுதத் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலி போதும். அவர் "ஓகே" என்று பதில் போட்டாலே அது ஒப்பந்தத்துக்குச் சான்று. பதில் போடத் தயங்குகிறார் என்றால், வேறு ஆளைத் தேட அதுவே போதுமான காரணம். பணத்தை யுபிஐ வழியாகக் கொடுங்கள்; திரையில் வரும் பெயர் விடுதியினுடையதா, யாரோ ஒரு தனிநபருடையதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று உரையாடலை அழித்துவிடாதீர்கள். மூலம் அந்த போனிலேயே இருக்க வேண்டும்.

முன்பதிவுத் தளங்களில் வேறு வகைத் தொல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் முளைக்கும் கட்டணம், கேட்காமலே சேர்க்கப்பட்டிருக்கும் காப்பீடு அல்லது நன்கொடை, பொய்யாக "இன்னும் ஒரே அறை" என்று அவசரப்படுத்துவது ஆகியவற்றைத் தடைசெய்து 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. விடுதியின் பெயரிலேயே போலிப் பக்கம் வைத்து முன்பணம் பறிப்பது இதிலிருந்து வேறுபட்டது, அது குற்றம். பணம் போனது தெரிந்த அடுத்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடியும்.

கோட்டைக்குள்ளேயே தங்கலாமா என்றும் கேட்பார்கள். 1156-இல் ராவல் ஜைசல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டையில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. 2013-இல் ராஜஸ்தானின் மற்ற 5 மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. மழை அரிதான ஊரில் குடத்துத் தண்ணீரைக் கணக்காகச் செலவழித்த காலத்துக் கட்டடம் அது. குழாயும் குளியலறையும் பெருகியபின் கழிவுநீர் அடித்தளத்தில் கசிந்து மதில்கள் பலவீனமாயின. 1996-இலேயே உலக நினைவுச்சின்ன நிதியம் அதை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. தடை ஏதும் இல்லை, முடிவு உங்களுடையது. வெளியே தங்கி நடந்து போய்ப் பார்ப்பதே சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எப்போது போவது என்பதில் பேரம் கூடாது. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் காலம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கும் பலோடி என்ற ஊரில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போவது உயிரோடு விளையாடுவது. வியர்வை நின்று, உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் நீரூற்றிக் குளிர்வித்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தடுமாறுகிறவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் இதற்கு நேர்மாறாகக் குளிர் நடுக்கும், கம்பளி தருவார்களா என்பதையும் அந்த வாட்ஸ்அப் செய்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மணலில் திறந்தவெளியில் படுப்பதாக இருந்தால் கயிற்றுக் கட்டில் கேட்டு வாங்குங்கள். சுருட்டை விரியன் நடமாடும் நிலம் அது. பாம்பு தீண்டினால் கட்டுப்போடுவதும் கீறிவிடுவதும் வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூர் புறநகரான பகத் கி கோட்டிக்கே நேரடி வண்டி உண்டு. நீங்கள் ஏறும் நிலையத்துக்கு வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். ஆனால் வண்டி அங்கிருந்து கிளம்புவதற்குள் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும்.

மணல்மேட்டில் உண்மையான உயிராபத்து ஒட்டகத்தால் வருவதைவிட ஜீப்பால் வருவதே அதிகம் என்பேன். ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சம் மணல்மேடுகளில், திறந்த ஜீப்பின் பின்னால் ஆட்களை நிற்கவைத்துச் சரிவில் பாய்ச்சுகிறார்கள். கம்பியைப் பிடித்து நிற்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. ஏறுவதற்கு முன் நம்பர் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. வெள்ளைப் பலகை என்றால் சொந்தப் பயன்பாட்டுக்கானது, அதைக் காசுக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வழி பிறக்கிறது. பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அசம்பாவிதம் நடந்துவிட்டால், இழப்பீட்டு மனுவையும் நீங்கள் வசிக்கும் ஊரின் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். சட்டம் தரும் அவகாசம் 6 மாதம்.

எல்லைப் பக்கம் போவதில் ஆர்வக்கோளாறு உதவாது. ஜெய்சல்மேரிலிருந்து 120 கிலோமீட்டர் தொலைவில், எல்லைப் பாதுகாப்புப் படை பராமரிக்கும் தனோட் மாதா கோயில் வரையிலும், 1971 போர் நடந்த லோங்கேவாலா வரையிலும் நாம் போகலாம். அதற்கு அப்பால் எல்லைச் சாவடிக்குப் போக முன் அனுமதி வேண்டும், அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் அவருக்கான கட்டுப்பாடுகள் தனி. மாவட்ட நிர்வாகத்திடம் கேட்காமல் அழைத்துப் போகாதீர்கள். ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர் மூன்றிலும் விமான நிலையம் விமானப்படைத் தளத்தில்தான் இருக்கிறது, அங்கே படம் எடுப்பது சிக்கலில் மாட்டிவிடும். 2025 மே மாதம் இந்தியா, பாகிஸ்தான் மோதலின்போது இந்த மூன்று நிலையங்களும் சில நாட்கள் மூடப்பட்டன. பயணக் காப்பீடுகள் பலவும் போரை விலக்கி வைத்திருப்பவை. பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டும்.

கடைவீதிக்கு வருவோம். ஜோத்பூர் மணிக்கூண்டைச் சுற்றிய சர்தார் மார்க்கெட், ஜெய்ப்பூர் ஜோஹரி பஜார், ஜெய்சல்மேர் மானக் சவுக். இங்கெல்லாம் ஆட்டோக்காரரும் வழியில் ஒட்டிக்கொள்ளும் "வழிகாட்டியும்" சிபாரிசு செய்யும் கடையில் அவர்களுடைய கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறுகிறது. அரசு அங்கீகாரம் பெற்றது என்று பலகை வைத்த தனியார் கடைகள் ஏராளம்; மாநில அரசின் கைவினைக் கடையின் பெயர் ராஜஸ்தாலி. கல்லை வாங்கிப் போய் உங்கள் ஊரில் எங்கள் கூட்டாளியிடம் கொடுத்தால் இரட்டிப்புப் பணம் என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஜெய்ப்பூரில் பல ஆண்டுகளாக நடக்கும் மோசடி அது.

பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி நியாயமற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அறிவிப்பைக் காட்டி, குறையுள்ள பொருளைத் தள்ளிவிட முடியாது. தங்க நகையில் எச்யுஐடி என்ற ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளம் இருக்கிறதா என்று பிஐஎஸ் கேர் செயலியில் அங்கேயே சரிபார்க்கலாம். முத்திரையிட்ட நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த தரத்துக்கான விலை வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு உண்டு. வெள்ளிக்கு முத்திரை கட்டாயமில்லை. ஆகவே "925" என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள்.

பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கும் தரகர்களுக்கென்றே ராஜஸ்தானில் 2010 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். பயண அவசரத்தில் புகார் கொடுக்க முடியவில்லை என்றாலும் கதவு மூடிவிடுவதில்லை. திருட்டோ பாலியல் சீண்டலோ, எந்த ஊரில் நடந்திருந்தாலும், நாட்டின் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கு மேல் மாஜிஸ்திரேட் இருக்கிறார்.

புகாரில் யாரை எதிர்த்தரப்பாகக் காட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். உங்களிடம் வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கிய விடுதியோ ஏஜென்டோதான் பொறுப்பு. கயிற்றைப் பிடித்து மணலில் நடந்து வரும் ஒட்டகக்காரருக்கு அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குதான் போகிறது. சவாரியின் நேரத்தைக் குறைக்கச் சொன்னவர் பெரும்பாலும் அவர் அல்ல. 2012-இல் நாட்டில் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டன. ஒட்டகத்தை வைத்துப் பிழைப்பவர்கள் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறார்கள். காயத்தோடு இருக்கும் ஒட்டகத்தில் ஏற மறுத்துவிடுங்கள், காயம்பட்ட விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மற்றபடி கோபத்தை அவரிடம் காட்டாமல், உங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று அவரையே கேளுங்கள். அடுத்த முறை இடையில் ஆள் இல்லாமல் ஜெய்சல்மேர் பக்கத்து மணல்மேட்டுக் கிராமமான குரிக்கே போய், அவரைப் போன்ற ஒருவரிடம் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். அப்போதும் பேசியதை எழுதி அனுப்பிவிடுங்கள். அவருக்கும் அது பாதுகாப்புதான்.