கோளும் வணங்கிய மருத்துவர்

நோய் கண்டதும் மருத்துவரைத் தேடுமுன் சாதகத்தைத் தேடும் வழக்கம் கலகெதர முதலிய நம் கண்டிச் சிற்றூர்களிலும் உண்டு. செவ்வாய் என்ற பெயரைக் கேட்டதுமே கலங்குவோர் பலர். அன்னோர் தமிழகத்துச் சீர்காழியை அடுத்த வைத்தீசுவரன் கோயிலின் வரலாற்றை அறிதல் நலம்.

புள்ளிருக்குவேளூர் என்பது இத்தலத்தின் பழம்பெயர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் இது. இங்கே சிவபெருமான் வைத்தியநாதராகவும் அம்மை தையல்நாயகியாகவும் எழுந்தருளியுள்ளனர். அடியார்கள் உப்பும் மிளகும் இட்டு, திருச்சாந்துருண்டையை மருந்தாக உட்கொள்வர். அங்காரகனாகிய செவ்வாய்க்குத் தனிச் சந்நிதியும் உண்டு. அவனே நோயால் வருந்தி, இவ்விறைவனை வழிபட்டு நலம் பெற்றான் என்பது தலபுராணம்.

நாம் அஞ்சும் கோளே இங்கு நோயாளியாய் வந்து நின்றது! ஆதலின் கோளுக்கு அஞ்சி மருந்தைத் தாமதித்தல் தகாது. வழிபாடு உள்ளத்தைத் தேற்றுக. மருத்துவம் உடலைத் தேற்றுக.