நிரை முடியும்வரை
றப்பர் மலையில் இருக்கிறது செய்நிரலாக்கத்தின் முதல் பாடம்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் ஏ7 வீதியில், களனி கங்கைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது கரவனெல்ல. அங்கிருந்து எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட வரை மலைச்சரிவுகளில் றப்பர். வெளிச்சம் வரும்போதே பால்வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிவது தளர்ந்துவிடும். அதனால்தான் அந்த அவசரம்.

மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் மலையில், நேற்று வெட்டிய மரத்தை இன்று தொடுவதில்லை. மற்றபடி மரத்துக்கு மரம் ஒரே வேலை: காய்ந்த ஒட்டுப்பாலை உரி, மெல்லிசாகப் பட்டையைச் சீவு, சிரட்டையை வை, அடுத்த மரத்துக்குப் போ. லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதே பிள்ளை தரம் 11இல் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்துக்கு வரும்போது, செய்நிரலாக்கம் என்ற சொல்லைக் கண்டதுமே மிரள்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் ஆசிரியரின் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

மூன்றே கட்டமைப்பு

கொராடோ பேம், ஜூசெப்பே யாக்கோபினி என்ற இத்தாலியர் இருவர் 1966இல் ஓர் உண்மையை நிறுவினார்கள். எவ்வளவு சிக்கலான கணிப்பையும் மூன்று கட்டமைப்புகளைக் கொண்டே எழுதிவிடலாம்: ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வரிசை, நிபந்தனை பார்த்துப் பிரியும் தெரிவு, திரும்பத் திரும்பச் செய்யும் மீள்செய்கை. மூன்றும் பால்வெட்டில் இருக்கின்றன. கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்:

பட்டை நனைந்திருந்தால்
வேலையை நிறுத்து
இல்லையென்றால், நிரையில் மரம் இருக்கும்வரை
ஒட்டுப்பாலை உரி
பட்டையைச் சீவு
சிரட்டையை வை
அடுத்த மரத்துக்குப் போ

இனிக் கடைசி வரியை அழித்துவிட்டு, என்ன நடக்கும் என்று கேளுங்கள். வெட்டுகிறவர் ஒரே மரத்தடியில் நின்று சீவிச் சீவி மரத்தையே கொன்றுவிடுவார் என்று வகுப்பு சொல்லும். முடிவில்லா மடக்கு என்றால் என்ன என்பதை இனி அந்தப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கணினி வரும்வரை

இலங்கையின் புள்ளிவிவரங்களில் நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்ற மூன்று துறைகளில் கணினி அறிவு மிகக் குறைவாக இருப்பது பெருந்தோட்டத்தில்தான். இந்த மலைகள் உள்ள சப்ரகமுவ மாகாணத்தின் தமிழ்ப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம் கற்பிக்க ஆளில்லாத குறையும் நெடுநாளாக உள்ளது. கணினி கட்டாயம் வேண்டும். தான் எழுதியது ஓடுவதையும் பிழைப்பதையும் பிள்ளை கண்ணால் காண வேண்டும். ஆனால் அது வந்து சேரும்வரை பாடத்தை நிறுத்திவைக்கத் தேவையில்லை. நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவருடைய தோழர்களும் 1990களிலேயே அட்டை, கயிறு, விளையாட்டு ஆகியவற்றைக் கொண்டு கணினி இல்லாமலே கணினி அறிவியலைக் கற்பித்துக் காட்டினார்கள்.

அடுத்த தடை மொழி. சாதாரண தரத்தில் பஸ்கால், உயர் தரத்தில் பைதன். மாணவர்களுக்குக் கற்பிக்கவென்றே நிக்லஸ் விர்த் 1970இல் வெளியிட்டது பஸ்கால், நல்ல மொழி. என்றாலும் அதன் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். ஒரே நேரத்தில் அந்நிய மொழியையும் புதிய சிந்தனையையும் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ்க் கணினிமொழி இங்கே கைகொடுக்கும். ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்று அதன் கட்டளைகள் தமிழிலேயே உள்ளன. ஒரு வாரம் அதில் பழகிவிட்டு அதே கணக்கை பஸ்காலில் எழுதினால், பிள்ளைக்குப் புதிதாக இருப்பது சொல் மட்டுமே.

அரைப்பேர்

நிபந்தனைக் கூற்று தோட்டத்துப் பிள்ளைக்குப் பழக்கமானது. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), கூடினால் கைக்காசு என்ற பேச்சு வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தது அது. அந்தச் சம்பளக் கணக்கையே செய்நிரலாக எழுதச் சொல்லுங்கள். நாளுக்குநாள் மாறும் நிறை ஒரு மாறி. குறித்த நிறை ஒரு மாறிலி. இரண்டையும் ஒப்பிட்டுப் பேர் போட வேண்டும்.

குறித்த நிறை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அம்மா சரியாக 10 கிலோ கொண்டுவந்தால்? ‘10இலும் குறைந்தால் அரைப்பேர்’ என்று எழுதிய பிள்ளையின் கணக்கில் அம்மாவுக்கு முழுப்பேர். ‘10 அல்லது அதிலும் குறைந்தால்’ என்று எழுதிய பிள்ளையின் கணக்கில் அரைப்பேர். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சமக்குறி. அந்தச் சிறு குறி அரைநாள் உழைப்பை விழுங்கும் என்று கண்டுபிடிக்கும் பிள்ளை, அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்கும்.