வானிலிருந்து விழும் பொட்டலம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைச் சூறையாடியது. கார் நிக்கோபாரிலுள்ள விமானப் படைத் தளமும் பெருஞ்சேதமுற்றது. படகுத்துறைகள் பல உடைந்தன. கப்பல் அணைய இயலாத கரைகளில் தவித்த மக்களுக்கு வானிலிருந்து உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன. அத்தகைய பொட்டலம் பசித்தவர் கையிற் சேருமா, கடலில் வீழ்ந்து வீணாகுமா என்பதை முடிவு செய்யும் இயற்கை விதியொன்று உண்டு. நேயர்களே, அதனை இன்று காண்போம்.

மக்களின் தலைக்கு நேர் மேலே விமானம் வரும்பொழுது பொட்டலத்தை விட்டால் போதும் என்றே நாம் எண்ணுவோம். ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் ஹெலிகாப்டருக்கு அது பொருந்தும். விரைந்து செல்லும் விமானத்திற்குப் பொருந்தாது. விமானத்தினுள் இருக்கும் பொட்டலமும் விமானத்தின் வேகத்தையே உடையது. கையை விட்டு நீங்கியதும் அவ்வேகம் அற்றுப்போவதில்லை. டில்லியிலிருந்து சென்னைக்கு விரையும் ரயிலில் அமர்ந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை மேலே எறிந்தால், அது நம் கைக்கே திரும்புகிறதன்றோ? அதுவும் ரயிலோடு சேர்ந்து முன்னேறுவதே காரணம்.

எனவே பொட்டலத்திற்கு இரண்டு இயக்கங்கள் உள்ளன: ஒன்று முன்னோக்கி, மற்றொன்று கீழ்நோக்கி. ஒன்றை மற்றொன்று தடுப்பதில்லை. இவ்வுண்மையைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். வீட்டிலேயே இதனைச் சோதிக்கலாம். மேசை விளிம்பிலிருந்து ஒரு காசைச் சுண்டிவிட்டு, அதே கணத்தில் மற்றொன்றை நேரே கீழே விடுக. இரண்டும் தரையைத் தொடும் ஓசை ஒன்றாகவே கேட்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். விமானம் 125 மீட்டர் உயரத்தில், மணிக்கு 216 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். விடுபட்ட பொட்டலம் முதல் விநாடி முடிவில் ஏறத்தாழ 5 மீட்டரும், இரண்டாம் விநாடி முடிவில் 20 மீட்டரும், ஐந்தாம் விநாடி முடிவில் 125 மீட்டரும் இறங்கியிருக்கும். அந்த ஐந்து விநாடிகளில் அது முன்னோக்கி 300 மீட்டர் சென்றுவிடும். அதன் வழி பரவளையம் எனப்படும் வளைகோடாகும். ஆகவே இலக்கிற்கு 300 மீட்டர் முன்னரே பொட்டலத்தை விட்டாக வேண்டும். ஒரு விநாடி தாமதித்தாலும் 60 மீட்டர் தவறும். ஒடுங்கிய கடற்கரையில் அவ்வளவு தவறினால் பொட்டலம் அலைக்கே இரையாகும்.

மெய்யான காற்றில் இக்கணக்குச் சற்று மாறும். காற்றின் தடை பொட்டலத்தைப் பின்னுக்கு இழுக்கும். பாராசூட் கட்டியிருப்பின் வீழ்ச்சி மெதுவாகும். வீசுங்காற்று அதனைப் பக்கவாட்டிலும் கொண்டுசெல்லும். விமானிகள் இவற்றையும் கணித்தே பொட்டலத்தை விடும் இடத்தைக் குறிக்கின்றனர்.

கரையில் காத்திருப்போரும் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. விமானம் தொலைவில் வரும்பொழுதே பொட்டலம் புறப்பட்டுவிடுகிறது. விமானம் தலையைக் கடக்கும் நேரத்தில் அதுவும் ஏறக்குறைய அங்கேயே வந்து விழுகிறது. ஆதலால் குறித்த இடத்தைவிட்டு விலகி நின்று, அனைத்தும் விழுந்தபின் சென்று எடுத்தலே உயிருக்குப் பாதுகாப்பாகும்.