தடைக்கம்பிப் பணியாளர்

விரைந்து செல்லும் ஆற்றலை உலகம் வியந்து போற்றுகின்றது. விரைந்து வந்ததை உரிய இடத்தில் ஊறின்றி நிறுத்தும் ஆற்றலைப் பற்றி அது மிகுதியாகப் பேசுவதில்லை. மலைநாட்டினராகிய நமக்கோ பின்னதன் அருமை நன்கு தெரியும். 1924ஆம் ஆண்டிற் பதுளை வரை நீட்டப்பெற்ற புகையிரதப் பாதை, 6,226 அடி உயரமுள்ள பட்டிப்பொல உச்சியைக் கடந்தபின், அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை வழியாக ஏறத்தாழ 40 மைல் தூரத்துள் 4,000 அடி கீழிறங்கி நம் நகரை வந்தடைகின்றது. ஏறும்போது எஞ்சினின் வலிமை வண்டியைக் காக்கும். இறங்கும்போது தடையின் வலிமையே அதனைக் காக்கும். தடையைப் பேணும் தொழிலாளியின் பெயரைப் பயணிகள் எவரும் கேட்பதில்லை.

நிறுத்துதல் என்னும் இத்தொழில் மிகக் கடுமையாக நடைபெறும் இடம் ஒன்று உண்டு. அதுவே விமானந்தாங்கிக் கப்பலின் மேற்றளம். அத்தகைய கப்பல்கள் நம் தீவுக்குப் புதியன அல்ல. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள், திருகோணமலையை விட்டுப் புறப்பட்டிருந்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கியை மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடித்தன. அக்கப்பல் இன்றும் அவ்விடத்தே கடலடியிற் கிடக்கின்றது. இத்தகைய கப்பல்களிலிருந்து எழுந்து சென்றோரின் வரலாறு பலவாறு எழுதப்பட்டுள்ளது. அவர்கள் திரும்பி வந்தபோது அவர்தம் விமானங்களைப் பிடித்து நிறுத்தியோரைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம்.

நிலத்தில் இறங்கும் விமானத்துக்கு ஆயிரக்கணக்கான அடி நீளமான ஓடுபாதை உண்டு. கப்பலில் இறங்கும் விமானம் சில நூறடிகளுக்குள் நின்றாதல் வேண்டும். இதற்குரிய வழியை முதன்முதலிற் செய்து காட்டியவர் இயூஜீன் ஈலி என்னும் அமெரிக்க விமானி. 1911 சனவரி 18ஆந் திகதி, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா என்னும் போர்க்கப்பலின்மேல் அமைக்கப்பட்ட மரத்தளத்தில் அவர் இறங்கினார். தளத்தின் குறுக்கே 22 கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு கயிற்றின் இரு முனைகளிலும் 50 இறாத்தல் நிறையுள்ள மணல் மூட்டைகள் இருந்தன. விமானத்தின் அடியில் இருந்த கொளுக்கிகள் கயிறுகளைப் பற்ற, மூட்டைகள் இழுபட்டு வர, விமானம் நின்றது. கொளுக்கியும் குறுக்குக் கயிறும் என்னும் அத்தத்துவம் இன்றுவரை மாறவில்லை. மணல் மூட்டையின் இடத்தைத்தான் பெரும் பொறி ஒன்று பிடித்துக்கொண்டது.

அப்பொறியின் அமைப்பைச் சுருங்கச் சொல்வோம். தளத்தின் குறுக்கே மூன்று அல்லது நான்கு உருக்குக் கம்பி வடங்கள், வில்போல் வளைந்த தகடுகளால் சில அங்குலம் உயர்த்தப்பட்டுக் கிடக்கும். வடத்தின் இரு முனைகளும் கப்பிகள் வழியாகத் தளத்தின் கீழே சென்று, கப்பித் தொகுதிகள் இரண்டினைப் பலமுறை சுற்றி வரும். அவற்றுள் ஒரு தொகுதி அசையாதது. மற்றையது ஒரு பெரிய ஆடுதண்டுடன் இணைந்தது. விமானத்தின் வாற்பக்கக் கொளுக்கி வடத்தைப் பற்றி இழுக்கும்போது, அசையுந் தொகுதி நெருங்கி வந்து ஆடுதண்டை உருளையினுள் தள்ளும். உருளையிலுள்ள திரவம் ஒடுங்கிய வால்வு ஒன்றினூடாக வலிந்து வெளியேறி, மற்றொரு கலத்திலுள்ள காற்றை அமுக்கும். விமானத்தின் விரைவு இவ்வாறு அமுக்கமாகவும் வெப்பமாகவும் மாறிவிடும். விமானம் கழன்றபின் அமுங்கிய காற்றே திரவத்தைத் திருப்பித் தள்ள, வடம் பழைய நிலைக்கு மீளும்.

இப்பொறி அடக்கும் ஆற்றலின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். அமெரிக்கக் கடற்படையின் பெருங் கப்பல்களில் உள்ள இவ்வகைப் பொறி, 50,000 இறாத்தல் நிறையுடன் மணிக்கு 150 மைல் வேகத்தில் வரும் விமானத்தை ஏறத்தாழ 344 அடிக்குள், இரண்டு மூன்று விநாடிகளில் நிறுத்தவல்லது. அவ்விமானத்தின் இயக்க ஆற்றல், 200 தொன் நிறையுள்ள புகையிரதம் ஒன்று மணிக்கு 50 மைல் வேகத்தில் ஓடும்போது பெறும் ஆற்றலுக்குச் சமமாகும். அத்தகைய வண்டியை 344 அடியில் நிறுத்த எந்தச் சாரதியும் துணியார்.

இனி, பணியாளரின் பொறுப்பு யாதெனப் பார்ப்போம். வால்வின் வாயில் ஒவ்வொரு விமானத்தின் நிறைக்கும் ஏற்ப முன்கூட்டியே அமைக்கப்படல் வேண்டும். பாரமான விமானத்துக்கு அது ஒடுங்கியும், பாரங்குறைந்ததற்கு விரிந்தும் இருத்தல் வேண்டும். பாரமானது வரும்வேளை வாயில் விரிந்திருப்பின், விமானம் நில்லாது தளத்தின் விளிம்பைக் கடந்துவிடும். பாரங்குறைந்தது வரும்வேளை வாயில் ஒடுங்கியிருப்பின், திடுமெனப் பற்றும் இழுப்பில் கொளுக்கியோ வடமோ விமானத்தின் உடலோ சிதையும். அறுந்த வடம் சவுக்குப்போல் தளத்தைத் துடைத்துச் செல்லுமாதலின், வழியில் நிற்போரின் கால்களுக்கும் உயிருக்கும் அதனாற் கேடு நேரும். ஆகவே எல்லாம் ஓரிலக்கத்தைப் பொறுத்தது. அந்த இலக்கத்தை அமைப்பவரோ தளத்தின் கீழே, பொறியின் இரைச்சலுக்கும் வெப்பத்துக்கும் நடுவில் இருப்பவர்; தாம் நிறுத்தும் விமானத்தை அவர் கண்ணாற் காண்பதில்லை.

விமானம் வருமுன் அதன் வகையும் நிறையும் மேலிருந்து அறிவிக்கப்படும். கீழுள்ளவர் இலக்கத்தை அமைத்து, அமைத்த இலக்கத்தை உரத்துத் திருப்பிச் சொல்வார். எல்லாப் பொறிகளிலுமிருந்து விடை வந்து, தளத்தில் ஆளும் பொருளும் இல்லையென உறுதியானபின்பே சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு எரியும். அஃது எரியாவிடின், விமானி எவ்வளவு அண்மையில் வந்திருப்பினும் திருப்பி அனுப்பப்படுவார். தளத்தைத் தொட்டவுடன் விமானி எஞ்சினைக் குறைப்பதில்லை. முழு வலிமைக்கும் உயர்த்துவார். கொளுக்கி வடத்தைத் தவறவிட்டால் மீண்டும் எழவேண்டுமன்றோ? அவ்வாறு எழுவதற்கு வழி செய்தது, 1952ஆம் ஆண்டிற் பிரித்தானியக் கடற்படையின் டிரையம்ப் என்னும் கப்பலில் முதன்முதலாகப் பரிசோதிக்கப்பட்ட கோணத்தள முறையாகும்.

விமானம் நின்றதும் பணியாளர் ஒருவர் அதனை நோக்கி ஓடி, கொளுக்கியை உயர்த்துமாறு சைகை காட்டி, வடம் கழன்றதா எனப் பார்ப்பார். வடம் மீளும்போதே அதில் இழை எதுவும் அறுந்துள்ளதா என மற்றொருவர் நோக்குவார். அடுத்த விமானம் ஒரு நிமிட அளவில் வந்துவிடும். மழையிலும் இரவிலும் ஆடும் தளத்திலும் முறை இதுவே. வடம் ஒவ்வொன்றும் எத்தனை விமானங்களை நிறுத்தியது என்னுங் கணக்கும் எழுதி வைக்கப்படும்; குறித்த எண்ணிக்கை நிறைந்ததும், கண்ணுக்குக் குற்றமற்றுத் தோன்றினும் அவ்வடம் நீக்கப்படும்.

நம் அயல்நாடாகிய இந்தியா இத்தொழிலைக் கற்றது விக்கிராந்த் என்னுங் கப்பலிலாகும். 1961 மார்ச் 4ஆந் திகதி பெல்பாஸ்ற் நகரில் அக்கப்பல் இந்தியக் கடற்படையிற் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு மே 18ஆந் திகதி, பிற்காலத்தில் கடற்படைத் தலைமை அதிபதியாக உயர்ந்த தகிலியானி அவர்கள் சீ ஹோக் ஜெட் விமானத்தை அதில் முதன்முதலாக இறக்கினார். சீ ஹோக், அலிசே என்னும் நிறை வேறுபட்ட இருவகை விமானங்கள் அதிற் பணியாற்றினமையால், வகை மாறுந்தோறும் இலக்கமும் மாற்றப்படல் வேண்டியிருந்தது. 1971ஆம் ஆண்டுப் போரில் வங்காள விரிகுடாவில் ஈடுபட்டபோது, கொதிகலன்களில் ஒன்று வெடிப்புற்றிருந்தமையால் அக்கப்பல் முழு வேகத்திற் செல்ல இயலவில்லை. கப்பல் காற்றை எதிர்த்து விரையும் அளவுக்கு, இறங்கும் விமானத்தின் சார்புவேகம் குறையும். கப்பல் தளர்ந்தால் அச்சுமையும் தடைக்கம்பியின்மேலேயே ஏறும்.

விக்கிராந்த் 1997ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. 1987ஆம் ஆண்டிற் சேர்ந்த விராட், மூழ்கிய ஹேர்மிஸின் பெயரை முன்பு தாங்கியிருந்த மற்றொரு கப்பலாகும். அதில் விமானங்கள் செங்குத்தாக இறங்கினமையால் தடைக்கம்பி வேண்டப்படவில்லை. 2013இல் வந்த விக்கிரமாதித்தியாவுடன் அத்தொழில் மீண்டும் தொடங்கிற்று. 2020 சனவரி 11ஆந் திகதி, இந்தியாவிலே உருவாக்கப்பட்ட தேஜஸ் விமானத்தின் கடற்படை வகை அக்கப்பலில் தடைக்கம்பி பற்றி இறங்கியது. 2022இற் கொச்சியிற் சேர்க்கப்பட்ட புதிய விக்கிராந்திலும் 2023 பெப்ரவரியில் அவ்வாறே விமானங்கள் இறங்கின.

ஒரு சிறு தவறு எத்துணைப் பெரிதாகும் என்பதை அமெரிக்கக் கப்பலாகிய ஐசனோவரில் 2016 மார்ச் 18ஆந் திகதி நிகழ்ந்தது காட்டும். ஹோக்கை என்னும் விமானம் இறங்குகையில் வடம் அறுந்தது. விமானம் தளத்தின் விளிம்பைக் கடந்து கடலை நோக்கித் தாழ்ந்து, அரிதின் முயன்று மேலெழுந்தது. தளத்தில் நின்றோர் எண்மர் காயமுற்றனர். பொறியைச் செப்பஞ்செய்யும்போது, செய்முறையில் இன்றியமையாத படியொன்று விடுபட்டதே காரணமென விசாரணையிற் கண்டனர்.

இத்தொழிலின் உயிர்நாடி, சொன்னதைத் திருப்பிச் சொல்லலும் செய்ததை மீண்டும் பார்த்தலுமாகும். அதனை ஐயுறவு என்று கருதுதல் தகாது. பிறர் உயிரைக் கையிற் கொண்டோர் ஒருவர்க்கொருவர் செய்யும் மரியாதை அது. நம் மலைப்பாதையிலும் இம்முறை நெடுங்காலமாக நிலவியது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை செல்வதற்குரிய உலோகத் தகட்டைப் பெறாமற் சாரதி வண்டியை எடுக்கலாகாது. அடுத்த நிலைய அதிபர் உடன்படாமல் அத்தகடு கருவியினின்று வெளிவராது. ஒருவர் சொல் மட்டும் போதாது என்பதே அதன் கருத்து.

தோட்டத்திற் கொழுந்து நிறுக்குமிடத்தும் இலக்கம் ஒன்று பிழைத்தால் முழுப்பேர் அரைப்பேராகும். ஒரு குடும்பத்தின் அடுப்பு அதனை உணரும். நிறுப்பவர் எழுதிய நிறையை உரத்துச் சொல்லலும், கொழுந்து கொய்தவர் அதனைக் கேட்டு உறுதிசெய்தலும் அத்தராசுக்குரிய மரியாதையாம்.

நம் கல்லூரியிலிருந்து வெளியேறும் மாணவர் பலர் தொழிற்சாலைகளிலும், மருந்தகங்களிலும், மின்னிலையங்களிலும், புகையிரதப் பகுதியிலும் பணியேற்பர். அவருட் பெரும்பாலோர் செய்யும் வேலையைப் பொதுமக்கள் காணார். தளத்தின் கீழிருந்து இலக்கம் அமைப்பவனைப்போல, தாம் காக்கும் உயிர்களை அவர்களும் காணாதிருத்தல் கூடும். எனினும், அமைத்த இலக்கத்தை ஒருமுறை உரத்துச் சொல்லி மறுமொழி கேட்கும் பழக்கத்தை அவர்கள் கைவிடாதிருப்பாராக.