பொத்தானுக்கு வண்ணம் பூசலாமா?

நம் சங்கக் குடும்பங்களில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் கணிப்பொறிப் பாடம் எடுத்துள்ள பிள்ளைகள் பலர். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பைதான் மொழி இருக்கிறது. உறுப்பினர் பட்டியல், கடைக் கணக்கு என்று ஏதாவது எழுதி முடித்ததும், திரையில் ஒரு ஜன்னல் திறந்து நாலு பொத்தான் வைத்துப் பார்க்க ஆசை வரும். அதற்கான டிகின்டர் என்னும் கருவி பைதானோடு கூடவே வருகிறது. "இந்தச் சாம்பல் நிறத்தை மாற்ற முடியாதா?" என்பதுதான் அடுத்த கேள்வி. முடியும்.

டிகின்டரில் பொத்தான்கள் இரு வகை. பழைய வகையில், ஒவ்வொரு பொத்தானிலும் நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் தனித்தனியே எழுதுகிறோம். மூன்று பொத்தானுக்கு இது போதும். முப்பது இருந்தால் முப்பது இடத்தில் திருத்த வேண்டும்; ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

2007-இல் வெளிவந்த டிகே 8.5 பதிப்பில் டிடிகே என்ற புதிய வகை சேர்ந்தது. இதில் தோற்றம் வேறு, பொத்தான் வேறு. 'ஸ்டைல்' ஒன்றுக்குப் பெயர் வைத்து, நிறம், எழுத்துரு, ஓர இடைவெளி ஆகியவற்றை ஒரே இடத்தில் எழுதுகிறோம். பொத்தானிடம் அந்தப் பெயரை மட்டும் சொன்னால் போதும். ஒரே வரைபடத்தை வைத்துப் பல பணிமனைகள் பெட்டி கட்டுவது போல. திருத்தம் வரைபடத்தில் மட்டும்தான்.

இங்கே பிள்ளைகள் திகைப்பது ஓரிடத்தில். விண்டோஸில் டிடிகே பொத்தானுக்குப் பின்னணி நிறம் கொடுத்தாலும் மாறாது. புரோகிராமில் பிழையில்லை. அங்கு வழக்கமாக அமையும் 'தீம்', பொத்தானை வரையும் வேலையை விண்டோஸிடமே விட்டுவிடுகிறது. 'கிளாம்' என்ற தீமுக்கு மாறினால் டிகே தானே வரையும், நிறம் ஏறும். ஆனால் மவுஸின் அம்புக்குறி மேலே போனதும் வேறு நிறம் காட்டும். அம்பு மேலிருக்கும் நிலை, அழுத்திய நிலை, செயல்படாத நிலை ஒவ்வொன்றுக்கும் உரிய நிறத்தை 'மேப்' என்ற கட்டளையில் சொல்ல வேண்டும்.

வழி தெரிந்தபின் அளவும் தெரிய வேண்டும். 'சேமி' பச்சை, 'அழி' சிவப்பு என்று வைப்பது பிள்ளைகளின் வழக்கம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே உண்டு. ரயில்வேயின் பழைய கைகாட்டி, பகலில் நிறத்தை நம்பியதில்லை. கை படுக்கையாக இருந்தால் நில், சாய்ந்தால் போ. இரவில் விளக்கின் நிறமே வழிகாட்டி. ஆகவே ஓட்டுநருக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. கணிப்பொறி முன் உட்காருபவருக்கு யார் சோதனை வைக்கிறார்கள்? தவறிப்போய் 'அழி'யை அழுத்தினால் ஒரு வருடப் பட்டியல் போய்விடும். எனவே நிறத்தோடு சொல்லும் தெளிவாக இருக்கட்டும். 'அழி' பொத்தான் சற்றுத் தள்ளியே இருக்கட்டும். அழுத்தியதும் "நிச்சயமா?" என்று ஒருமுறை கேட்கட்டும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. வெளிர்மஞ்சளில் வெள்ளை எழுத்து வேண்டாம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொத்தானின் அகலத்தை இத்தனை எழுத்து என்று கட்டிவிடாதீர்கள். அந்தக் கணக்கு ஆங்கில எழுத்துகளுக்குத்தான் ஒத்துவரும். 'உறுப்பினர் சேர்க்கை' பாதியில் வெட்டுப்படும். ஓர இடைவெளியை மட்டும் கொடுத்தால், சொல்லுக்கேற்றபடி பொத்தான் தானே விரியும்.

முடித்ததும் வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். கேள்வி கேட்காமல் அவர்கள் சரியான பொத்தானை அழுத்தினால், வண்ணம் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள்.