வாயில் திறந்தால் போதுமா?

தமிழிலக்கிய வரலாற்றில் இரட்டைப் புலவர் தனியிடம் பெற்றவர்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்பது செவிவழிச் செய்தி. ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிப்பாராம். தில்லைக் கலம்பகம் பாடிய அவர்களிடம் புலமைக்குக் குறைவில்லை. அது வெளிப்பட ஒரு தோளும் இரு கண்களும் தேவைப்பட்டன. மாற்றுத்திறனாளி மாணவர்க்குக் கல்லூரி ஆற்றவேண்டிய கடமையும் இதுவே.

சட்டம் வாயிலைத் திறந்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 3 விழுக்காடு இடம் தந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர்க்கு ஒதுக்கப் பணிக்கிறது. ஆயின், இடம் கிடைத்தபின் நிகழ்வது என்ன?

நம் தண்டையார்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரி 14 முதல் வண்ணாரப்பேட்டைக்கும் விம்கோ நகருக்கும் இடையே மெட்ரோ இரயில் ஓடுகிறது. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் நிலத்தடி நிலையத்திலிருந்து மின்தூக்கியில் மேலே வந்துவிடலாம். அதன்பின் துறைமுகம் நோக்கி விரையும் சரக்கு வண்டிகளுக்கு ஒதுங்கி, மேடுபள்ளமான தெருவைக் கடந்து கல்லூரியை அடைகிறார் என்று கொள்வோம். வகுப்போ இரண்டாம் மாடியில்! துறைமுகக் கூலியில் தந்தை படிக்கவைத்த பிள்ளையின் பட்டப்படிப்பு, மாடிப்படியின் அடியில் நின்றுவிடுகிறது.

இதனை மாற்றப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கால அட்டவணை வகுக்கும்போதே அவ்வகுப்பைத் தரைத்தளத்திற்குக் கொணரலாம். ஓரடி உயர வாயிற்படிக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் போதும். பார்வையற்ற மாணவர்க்குப் பாடக்குறிப்புகளை ஒலிவடிவில் முன்னரே தரலாம். தேர்வில் சொல்வதை எழுதுபவரை அமர்த்தவும், மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகப் பெறவும் விதிகள் இடமளிக்கின்றன. மூன்று மணித் தேர்வுக்கு நான்கு மணி நேரம் கிடைக்கும். குறைபாடு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்பதற்காக மட்டும் எழுதுபவரை மறுத்தலாகாது என்று 2021இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" என்று சேர்க்கை நாளன்றே ஆசிரியர் கேட்டறிதல் நன்று. இன்னல் நேர்ந்தபின் காட்டும் இரக்கத்தினும் அக்கேள்வி பெரிது. உதவித்தொகை நல்கும் சமுதாயப் பெரியோர், சாய்தளத்தையும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையையும் கல்விக்கொடையாகவே கருதவேண்டும். மாணவர்கள் வாரம் ஒருமணி நேரம் பாடநூலை வாசித்துக்காட்ட முன்வரலாம்.

அவ்வாசிப்பின் பயனை எகிப்திய அறிஞர் தாஹா ஹுசைன் வாழ்வில் காண்கிறோம். இளமையிலேயே பார்வையிழந்த அவர், பிறர் வாசிக்கக் கேட்டே கற்று 1914இல் கெய்ரோவில் முனைவர் பட்டம் பெற்றார். 1950இல் கல்வி அமைச்சராகி, எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வியை இலவசமாக்கினார். ஒருவர்க்கு வாசித்துக்காட்டிய குரல்கள் ஒரு நாட்டுக்கே பயன்பட்டன. நம் வகுப்பறைகளிலும் அத்தகைய குரல்கள் எழுக!