மோட்டார் வண்டிகள் வரிசையில் உருவாகும் விதம்

ஹவுரா ரயில் நிலையத்தினின்று பர்த்வான் செல்லும் பிரதான பாதையில், லிலுவா, பேலூர், பாலி, உத்தர்பாரா ஆகிய நிலையங்களைக் கடந்ததும் வருவது ஹிந்த் மோட்டார் நிலையம். ஒரு தொழிற்சாலையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நிலையம் அது. 1942ஆம் ஆண்டில் குஜராத்திலுள்ள ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பெற்ற ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், 1948இல் ஹூக்ளி ஜில்லாவைச் சேர்ந்த உத்தர்பாராவுக்கு இடம் பெயர்ந்தது. வார்ப்படச்சாலை, உலைக்களம், தகடழுத்தும் சாலை, கடைசல் சாலை, இணைப்புச் சாலை ஆகிய யாவும் ஒரே வளாகத்தில் அமைந்திருந்தன. நாடறிந்த அம்பாஸடர் கார் இங்கு 1957-58 முதல் 2014 மே மாதம் வரை உற்பத்தியாயிற்று. பெட்ஃபோர்டு லாரிகளும், டிரெக்கர் என்னும் கிராமப்புற வண்டியும் இங்கு உருவாயின.

விதை மூட்டையையும் தடுப்பு மருந்துப் பெட்டியையும் கிராமங்களுக்குச் சுமந்து செல்லும் பிக்கப் வண்டி இன்று களப்பணியாளர் அனைவரும் அறிந்ததே. அதில் பல்லாயிரம் பாகங்கள் அடங்கியுள்ளன. அவை யாவும் உரிய இடத்தில், உரிய கணத்தில் ஒன்றுகூடுவது எவ்வாறு? இதனை அறிந்துகொள்ளச் சிறிது கணக்கும், சிறிது பொது அறிவும் போதும்.

நகரும் வரிசையின் தோற்றம்

முற்காலத்தில் வண்டி ஓரிடத்தில் நிற்க, தொழிலாளர் பாகங்களை ஏந்தி அதனிடம் வந்தனர். 1913இல் அமெரிக்காவில், ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் இம்முறை மாற்றப்பட்டது. தொழிலாளர் தத்தம் இடத்தில் நிற்க, வண்டி அவர்களைத் தேடி வந்தது. முதற் சோதனைகளில் அடிச்சட்டத்தைக் கயிறு கட்டி இழுத்தனர். அதற்கு முன் ஓர் அடிச்சட்டத்தை இணைக்கப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. 1914இல் 93 நிமிஷங்களே போதுமாயின. ஆயினும், ஒரே வேலையை நாள் முழுதும் செய்யும் சலிப்பைத் தாங்காது தொழிலாளர் பலர் விலகிச் சென்றனர். 1914 ஜனவரியில் ஃபோர்டு நாள் ஒன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வரிசையின் தாளம்

வரிசையின் வேகத்தை நிர்ணயிப்பது யந்திரமன்று, தேவையே ஆகும். ஒரு நாளின் வேலை நேரத்தை அன்று வேண்டிய வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே ஒரு வண்டிக்குரிய நேரம். இதனை ஜெர்மன் மொழியில் 'டாக்ட்' என்பர். தாளம் என்பது அதன் பொருள்.

உத்தர்பாரா தொழிற்சாலையின் வரலாறே இதற்கு உதாரணமாகும். 1980களின் நடுவில் அங்கு ஆண்டொன்றுக்கு 24,000க்கும் மேற்பட்ட அம்பாஸடர்கள் உற்பத்தியாயின. கணக்கின் பொருட்டு ஆண்டுக்கு 300 வேலை நாட்களும், நாளுக்கு 480 நிமிஷங்களும் கொள்வோமாயின், நாளுக்கு 80 வண்டிகள்; அதாவது ஆறு நிமிஷத்திற்கு ஒன்று. 2013-14ஆம் ஆண்டில் எண்ணிக்கை சுமார் 2,200 ஆகக் குறைந்தது. அதே கணக்கின்படி நாளுக்கு ஏழு வண்டிகளே. ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல். ஆறு நிமிஷத் தாளத்திற்கென அமைந்த கொட்டகையும் கொதிகலனும் அச்சுகளும் ஒரு மணித் தாளத்தில் இயங்கும்போது, அவற்றின் செலவு முழுவதும் சில வண்டிகளின் தலையிலேயே விழுகிறது. 1983இல் மாருதி கார் வந்த பின் பெருகிய போட்டியில் தேவை குறைந்துகொண்டே வர, 2014 மே மாதத்தில் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. சுமார் 2,600 தொழிலாளரின் வாழ்வு அந்த வகுத்தற் கணக்கில் அடங்கியிருந்தது.

பிக்கப் உருவாகும் படிகள்

அம்பாஸடரில் உடற்கூடே வண்டியின் எலும்பாகவும் பணிபுரிந்தது. பெரும்பாலான பிக்கப் வண்டிகளிலோ ஏணி போன்ற எஃகு அடிச்சட்டம் தனியே உண்டு. பல தொழிற்சாலைகளில் இச்சட்டம் முதலில் தலைகீழாகக் கிடத்தப்படுகிறது. அச்சுகளையும் வில்களையும் மேலிருந்து எளிதில் பொருத்தலாம் அன்றோ! பின்னர் சட்டத்தைப் புரட்டி, பிரேக் குழாய், எண்ணெய்த் தொட்டி, இஞ்சின், பற்சக்கரப் பெட்டி, சக்கரங்கள் ஆகியவற்றை முறையே சேர்ப்பர்.

இதே சமயத்தில் வேறொரு வரிசையில் ஓட்டுநர் அறை உருவாகி வருகிறது. தகடுகள் அச்சில் அழுத்தப்பட்டு, பற்றவைக்கப்பட்டு, துருத்தடுப்புத் தொட்டியில் மூழ்கி எழுந்து, வர்ணம் பூசப்பெற்று, இருக்கையும் கருவிப் பலகையும் பொருத்தப்படுகின்றன. இரண்டு வரிசைகளும் சந்திக்கும் இடத்தில் அறை மேலிருந்து இறங்கிச் சட்டத்தின் மீது அமர்கிறது. அதன் பின் சரக்குத் தொட்டி ஏறுகிறது. எண்ணெயும் நீரும் ஊற்றப்படுகின்றன. பிரேக், விளக்கு, சக்கர ஒழுங்கு, மழைநீர்க் கசிவு ஆகியவை சோதிக்கப்பட்ட பின்னரே வண்டி வெளியேறும்.

எதன் பின் எது?

வரிசையில் எல்லா வண்டிகளும் ஒரே மாதிரியானவை அல்ல. ஒரு நிலையத்தில் ஒற்றை அறை வண்டிக்கு 5 நிமிஷமும், இரட்டை அறை வண்டிக்கு 8 நிமிஷமும் வேண்டும் எனவும், தாளம் 6 நிமிஷம் எனவும் கொள்வோம். இரண்டு ஒற்றை, ஓர் இரட்டை என்று அனுப்பினால் மூன்றுக்கும் மொத்தம் 18 நிமிஷம், தாளம் தவறாது. மூன்று இரட்டைகளை அடுத்தடுத்து அனுப்பினாலோ 24 நிமிஷம் ஆகும். ஆறு நிமிஷம், அதாவது ஒரு முழு வண்டியின் நேரம், பின்தங்கிவிடும். ஆகவே கடினமானதையும் எளியதையும் கலந்து அனுப்புவதே திட்டமிடுவோரின் முதற் கடமை.

வர்ணச்சாலையின் விருப்பமோ இதற்கு மாறானது. நிறம் மாறும்போதெல்லாம் தெளிகருவியைக் கழுவ வேண்டியிருப்பதால், ஒரே நிற வண்டிகள் தொடர்ந்து வருவதையே அது நாடும். இவ்விரு தேவைகளுக்கும் இடையே சமரசம் செய்வது வர்ணம் பூசிய கூடுகளின் கிடங்கு. அங்கு அவை மீண்டும் வரிசைப்படுத்தப்பட்டு இணைப்புச் சாலைக்குச் செல்கின்றன.

வரிசை முடிவானதும் கணக்கு பின்னோக்கிச் செல்கிறது. வண்டி வெளியேறும் நேரத்தினின்று இஞ்சின் வர வேண்டிய நேரம், கூடு வர்ணம் பெற வேண்டிய நேரம், தகடு அழுத்த வேண்டிய நாள், எஃகு வாங்க வேண்டிய வாரம் என ஒவ்வொன்றும் குறிக்கப்படும். ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தைச் சேர்ந்த டாயிச்சி ஓனோ, பாகம் தீரும்போது சீட்டு ஒன்று பின்சென்று புதியதைக் கேட்கும் முறையை வளர்த்தார். ஒரு சிறு பாகம் வராமற் போனாலும் வரிசை முழுவதும் நிற்கும் என்பதே இத்தனை முன்யோசனைக்கும் காரணம்.

பள்ளியிலும் முகாமிலும்

இத்தத்துவத்தை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே காட்டலாம். காகித உறை செய்வதை ஐந்து படிகளாகப் பிரித்து, ஐந்து மாணவரிடம் கொடுக்க வேண்டும். நான்கு படிகளுக்கு 20 விநாடியும், ஒட்டும் படிக்கு 40 விநாடியும் ஆகுமாயின், 40 விநாடிக்கு ஓர் உறையே வெளிவரும். மற்ற நால்வரும் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை. ஒட்டுவதற்கு மேலும் ஒருவரை அமர்த்தினால், ஆறு பேர் ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்வர்.

கால்நடைத் தடுப்பூசி முகாமிலும் இதுவே விதி. பெயர் பதிதல், மாட்டைப் பிடித்தல், ஊசியிடுதல், காதுவில்லை இடுதல் ஆகியவற்றுள் எதில் நேரம் மிகுகின்றதோ, அங்கே ஒரு கை கூடுதலாக இருந்தால், உழவர் வெயிலில் காத்திருக்கும் பொழுது குறையும்.

அம்பாஸடர் வரிசை ஓய்ந்த பின்னும் உத்தர்பாராவில் தொழில் ஓய்ந்துவிடவில்லை. அங்குள்ள திட்டாகர் நிறுவனத்தின் ஆலையில் பூனே மெட்ரோவுக்கான ரயில் பெட்டிகள் உருவாகியுள்ளன. பொருள் மாறினும், பாகமும் நேரமும் ஒன்றையொன்று தவறாது சந்திக்க வேண்டும் என்னும் விதி மாறுவதில்லை.